தீபத்துக்கு வரத் தயங்கும் பிள்ளைகள்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

"அமெரிக்காவில் என்னதான் நடக்கிறது, கொஞ்சம் சொல்லுங்கள்" என்றார் செயலாளர். அது கடல். வேங்கிக்காலில் பல வீட்டுப் பிள்ளைகள் அங்கே இருப்பதால், அவர்களைத் தொடும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

"தீபத்துக்கு வாப்பா" என்கிறோம். "பார்க்கலாம்பா" என்கிறான். மனம் மாறிவிட்டானோ, மருமகள் தடுக்கிறாளோ என்று நினைக்கிறோம். பல நேரம் காரணம் அவன் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. எச்-1பி அனுமதியை அங்கிருந்தபடியே நீட்டிக்கலாம். ஆனால் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா காலாவதியாகியிருந்தால், ஊருக்கு வந்தவன் இங்குள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் புதிது வாங்கித்தான் திரும்ப முடியும். 2025 டிசம்பரில் எச்-1பி விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகப் பக்கங்களையும் சோதிக்க ஆரம்பித்தார்கள். நேர்காணல் தேதிகள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. விடுமுறைக்கு வந்த பலர் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அங்கே!

"இத்தனை வருஷமாச்சே, கிரீன் கார்டு வாங்கவில்லையா?" என்பீர்கள். வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கார்டுகள்தான். மனைவி மக்களும் அதற்குள் அடக்கம். பொதுவாக ஒரு நாட்டுக்கு 7 சதவீதம். 140 கோடிப் பேர் உள்ள நமக்கும் அதே வரம்பு, நாலு லட்சம் பேர் உள்ள ஐஸ்லாந்துக்கும் அதே வரம்பு. 2025 செப்டம்பரில், முதுநிலைப் பட்டதாரிகளுக்கான இந்திய வரிசை 2013 ஜனவரியில் நின்றுகொண்டிருந்தது. காத்திருக்கும்போதே பிள்ளைக்கு 21 வயதாகிவிட்டால், பெற்றோர் விசாவின் நிழலில் அது இருக்க முடியாது.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஒரே அளவு வரம்பு நியாயத்துக்காக வந்தது. 1924 சட்டம் ஆசியர்களுக்குக் கதவை அடைத்தது. 1946-ல் திறந்தபோதும் இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 இடம். கறுப்பின மக்கள் உரிமைக்குப் போராடிய அதே காலத்தில், 1965-ல், ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம்தான் நாடு பார்த்து ஒதுக்கும் முறையை ஒழித்தது. இன்று நம் பிள்ளைகள் அங்கே இருப்பதே அதனால்தான்.

திருத்தக் கூடாதா? முயன்றார்கள். 2019-ல் கீழவையில் 365-க்கு 65 என்று மசோதா நிறைவேறியது. இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து போட்ட ஓட்டு! செனட் 2020 டிசம்பரில் வேறு வடிவத்தில் நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக்குவதற்குள் அவையின் காலம் முடிந்துவிட்டது. நாடாளுமன்றம் இப்படி முடங்கிக்கிடக்க, அதிபர்கள் உத்தரவு போட்டே ஆள்கிறார்கள். எதிர்ப்பவர்கள் கோர்ட்டுக்கு ஓடுகிறார்கள். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் வந்ததும் இப்படி ஒரு உத்தரவில்தான்.

அவர்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும். 2015 வாக்கில் புளோரிடாவில் டிஸ்னி நிறுவனம் கணினிப் பிரிவில் சுமார் 250 பேரை நீக்கியது. தங்கள் இடத்துக்கு வந்தவர்களுக்கு அவர்களே வேலை கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. வந்தவர்களில் எச்-1பிக்காரர்கள் இருந்தார்கள். அங்கே பலருக்கு மருத்துவக் காப்பீடும் வேலையோடு சேர்ந்தே போய்விடும். அந்தக் கோபத்தை வெறும் இனவெறி என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. இனவெறி இல்லவே இல்லை என்றும் சொல்லமாட்டேன்.

ஆக, அடுத்த முறை போனில் "எப்ப வர்றே?" என்பதற்கு முன்னால், "விசா ஸ்டாம்பிங் எதுவரைக்கும் இருக்கு?" என்று கேட்டுப்பாருங்கள். வேலை போனால் அவனுக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலையோ வேறு வழியோ தேட வேண்டும். அதனால் வீடு வாங்கச் சொல்லியும் நெருக்காதீர்கள். முடிந்தால் நாமே போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நம்முடைய சுற்றுலா விசாவுக்கான நேர்காணல் தேதிக்கும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அதற்கு உதவி வேண்டுமென்றால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள்.