பீர்மேட்டுத் தேயிலையும் மாஸ்கோவின் ரூபாயும்

இடுக்கி மாவட்டத்தின் பீர்மேடு வட்டத்தில் 2000ஆம் ஆண்டையொட்டித் தேயிலைத் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடப்பட்டதற்கு, 1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் பதினைந்து தனி நாடுகளாகக் கலைந்ததே காரணம் என்பது ஹைரேஞ்ச் பகுதியில் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். விளக்கம் தவறன்று, ஆனால் வாங்குபவர் மறைந்த ஆண்டுக்கும் தோட்டம் பூட்டப்பட்ட ஆண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த ஒன்பது ஆண்டுகளில் தேயிலையை விற்றுக் கொடுத்தது சந்தை என்பதைவிட, இந்தியா வாங்கிய போர் விமானங்களுக்கும் டாங்கிகளுக்கும் தர வேண்டியிருந்த கடன் என்பதே பொருத்தமாக இருக்கும்.

இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் 1953 டிசம்பரில் வர்த்தக உடன்படிக்கை செய்துகொண்டன. 1958இன் உடன்படிக்கைக்குப் பிறகு இரு நாடுகளுக்கிடையிலான கொடுக்கல் வாங்கல் முழுவதும் ரூபாயிலேயே கணக்கு வைக்கப்பட்டது. இரு தரப்பிலும் டாலர் கையிருப்பு குறைவாக இருந்த காலம் அது. இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெய், உரம், ஆலை இயந்திரங்கள், படைக்கலங்கள் ஆகியவற்றைச் சோவியத் ஒன்றியத்திடமிருந்து வாங்கி, அவற்றின் விலையை ரூபாயாக அந்நாட்டின் கணக்கில் வரவு வைக்கும். அந்த ரூபாயை இந்தியாவுக்கு வெளியே எங்கும் செலவிட முடியாது என்பதால், மாஸ்கோ அதைக்கொண்டு தேயிலை, காபி, மிளகு, முந்திரி, புகையிலை, தோல், பின்னலாடை என இந்தியப் பொருள்களை வாங்கித் தீர்க்கும். எந்தப் பொருள் எவ்வளவு என்பதை இரு அரசுகளின் அதிகாரிகளும் ஆண்டுதோறும் கூடிப் பட்டியலிட்டார்கள். 1971 ஆகஸ்ட் 9 அன்று கையெழுத்தான இந்திய–சோவியத் நட்புறவு ஒப்பந்தம், ஒரு நாடு தாக்கப்பட்டாலோ தாக்குதலுக்கு உள்ளாகும் நிலை எழுந்தாலோ இரு நாடுகளும் உடனே கலந்தாலோசிக்கும் என்று உறுதி கூறியது. அதற்குப் பின்பு படைக்கல இறக்குமதி பெருக, கடனும் பெருக, அதைத் தீர்க்கக் கப்பலேறிய பொருள்களின் அளவும் கூடவே பெருகியது. 1980களின் இறுதியில் இந்தியா ஏற்றுமதி செய்த தேயிலையில் ஏறத்தாழப் பாதி சோவியத் துறைமுகங்களுக்கே சென்றது.

அந்தப் பாதியில் ஒரு பங்கு, வண்டிப்பெரியாறு, ஏலப்பாறை, பீர்மேடு மலைகளில் பறிக்கப்பட்டுக் கொச்சி ஏல மையத்தில் விற்கப்பட்ட தூள். பறித்தவர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் வழியாக மலையேறிய தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள். காலையில் மஸ்டருக்கு வந்து பெயர் கொடுத்து, எடை போடும் நேரம் வரை கொழுந்து கிள்ளிய அந்தப் பெண்களுக்கு மாஸ்கோ அறிமுகமில்லாத பெயர் அல்ல. 1958இல் நடந்த தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காகப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் மலைத் தோட்டங்களில் பாடிப் பரப்புரை செய்ததும், செங்கொடிச் சங்கங்கள் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள்தோறும் கிளை பரப்பியதும், குறைந்த விலையில் கிடைத்த சோவியத் தமிழ் நூல்களும் அப்பெயரைக் கொண்டுவந்து சேர்த்திருந்தன. ஆனால் மாஸ்கோ அங்கே ஒரு கொடியாகத் தெரிந்த அளவுக்குத் தங்கள் கொழுந்தின் கணக்காகத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. கூலிப் பேச்சுவார்த்தையில் உற்பத்திச் செலவு பேசப்படும், விளைச்சல் பேசப்படும். தில்லியில் தயாரான ஒரு பட்டியலின் இலக்கத்தில்தான் தோட்டத்தின் ஆயுள் தொங்குகிறது என்பது பேசப்படும் பொருளாக இருந்ததில்லை.

இந்திய இலை போய்ச் சேர்ந்த இடத்தில் அதற்கு வாய்த்த துணை ஜார்ஜியாவின் இலை. சோவியத் ஒன்றியம் தன் மண்ணில் விளைவித்த தேயிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கருங்கடலை ஒட்டிய ஜார்ஜியக் குடியரசில், குரியா, அட்ஜாரா, சமெக்ரெலோ, அப்காசியா பகுதிகளில் விளைந்தது. அங்கே பறிப்பை இயந்திரமயமாக்கியதில் அளவு கூடி, தரம் இறங்கியிருந்தது; எனவே இந்தியத் தூளைக் கலந்து அதற்கு நிறமும் திடமும் ஏற்றினார்கள். யானைப் படம் போட்ட மஞ்சள் நிறப் பொட்டலத்தில் விற்கப்பட்ட அந்தக் கலவை, சோவியத் குடிமக்கள் தேடி வாங்கிய பண்டங்களுள் ஒன்றாக இருந்தது. இப்படிப்பட்ட வாங்குபவர் அமைந்தது தோட்ட உரிமையாளர்களுக்குப் பெரும் வசதி. தூள் சற்று மட்டமாக இருந்தாலும் விலை போகும். வெள்ளைக்காரர் காலத்தில் நட்ட செடிகளைப் பிடுங்கிப் புதுச்செடி நட்டால் நான்கைந்து ஆண்டுகளுக்கு வருமானம் இராது என்பதால் மறுநடவைத் தள்ளிப்போடலாம். ஆலை இயந்திரங்களைப் புதுப்பிப்பதையும் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். பீர்மேட்டின் பிற்கால நோய்க்கு வித்து இந்த நல்ல காலத்திலேயே விழுந்தது. சோவியத் வீழ்ச்சியை மட்டும் குறை சொல்லும் விளக்கம் இதை வசதியாக மறந்துவிடுகிறது.

1991 டிசம்பர் 8 அன்று ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் தலைவர்கள் சோவியத் ஒன்றியம் முடிந்துவிட்டதாக அறிவித்தனர். டிசம்பர் 25 அன்று கோர்பச்சேவ் பதவி விலகினார். மையமாக இருந்து கொள்முதல் செய்த அரசு நிறுவனத்தின் இடத்தில், தனித்தனி நாணயமும் சுங்கச் சாவடியும் அமைக்கத் தொடங்கிய பதினைந்து அரசுகள் நின்றன. ரஷ்யாவில் 1992இல் விலைவாசி ஏறத்தாழ 2,500 விழுக்காடு ஏறியது; தஜிகிஸ்தானில் உள்நாட்டுப் போர் மூண்டு 1997 வரை நீடித்தது; அப்காசியாவில் 1992இல் தொடங்கிய போர் அடுத்த ஆண்டு சுகுமி நகரின் வீழ்ச்சியில் முடிந்து, ஜார்ஜியர்கள் லட்சக்கணக்கில் வெளியேறினார்கள். போரும் வேலையிழப்பும் சேர்ந்து ஜார்ஜியாவின் தேயிலைக் காடுகளை முட்புதராக்கின. நியாயமாகப் பார்த்தால், போட்டியாளர் ஒருவர் களத்தைவிட்டு விலகியதில் இந்தியத் தேயிலைக்கு வாய்ப்பு கூடியிருக்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு அது கூடியதுபோலவே தோன்றியது. 1993 ஜனவரியில் ரஷ்ய அதிபர் யெல்த்சின் தில்லிக்கு வந்தபோது இரண்டு தாள்கள் கையெழுத்தாயின. முதலாவது புதிய நட்புறவு ஒப்பந்தம். 1971ஆம் ஆண்டின் பாதுகாப்பு வாசகம் அதில் இடம்பெறவில்லை. இரண்டாவது, சோவியத் ஒன்றியத்துக்கு இந்தியா தர வேண்டியிருந்த, பெரும்பகுதி படைக்கலக் கொள்முதலால் ஏற்பட்ட கடனை வாரிசு நாடான ரஷ்யாவுக்கு எப்படித் திருப்புவது என்ற ஏற்பாடு. கடனின் பெரும்பகுதியை 12 ஆண்டுகளிலும், மீதியை வட்டியின்றி 45 ஆண்டுகளிலும் ரூபாயாகச் செலுத்துவது, அந்த ரூபாயைக்கொண்டு ரஷ்யா இந்தியப் பொருள்களை வாங்கிக்கொள்வது என்று முடிவாயிற்று. பாதுகாப்பு உறுதி போய்விட்டது. அதன் விலைச்சீட்டு மட்டும் நின்றது என்று சொல்லலாம். ரஷ்ய அரசு அந்த ரூபாயைத் தன் நாட்டுத் தனியார் இறக்குமதியாளர்களுக்கு ஏலத்தில் விற்றது. ஏலத்தில் எடுத்தவர்கள் கொச்சியிலும் குன்னூரிலும் கொல்கத்தாவிலும் தேயிலை வாங்கினார்கள். பழைய அரசு கலைந்துபோன பின்னும் கொச்சி ஏலத்தில் பீர்மேட்டுத் தூளுக்குக் கைகள் உயர்ந்ததன் மர்மம் இதுதான்.

1998 ஆகஸ்ட் 17 அன்று ரஷ்யா தன் உள்நாட்டுக் கடன் பத்திரங்களுக்குப் பணம் தருவதை நிறுத்தி, ரூபிளின் மதிப்பையும் இறக்கியது. டாலருக்கு ஆறு ரூபிளாக இருந்த மாற்று விலை அந்த ஆண்டு முடிவதற்குள் இருபதைத் தாண்டியது. இறக்குமதியாளர்கள் மலிவான இலையைத் தேடினார்கள். தேடியபோது இலங்கையும் கென்யாவும் வியட்நாமும் எதிரே நின்றன. கஜகஸ்தான் போன்ற நாடுகளில் பால் சேர்த்துக் குடிப்பதற்கேற்ற குருணைத் தூளுக்குக் கென்ய இலை பழக்கமாயிற்று. ரஷ்யாவிலும் ஓரிமி டிரேட், மேய் முதலிய தனியார் நிறுவனங்கள் மொத்தமாக இலையை வாங்கித் தாங்களே கலந்து பொட்டலமிட்டு விற்கத் தொடங்கியிருந்தன. எந்த நாட்டு இலை என்பது அவர்களுக்கு விலையும் சுவையும் சார்ந்த கேள்வி மட்டுமே. உள்நாட்டிலோ தேயிலை உற்பத்தி தேவையைத் தாண்டி வளர்ந்திருந்தது. தென்னிந்திய ஏல மையங்களில் விலை சரிந்தது; மட்டத் தூளுக்குப் பழகிய தோட்டங்கள் முதலில் விழுந்தன.

பீர்மேடு வட்டத்தில் சீந்தலாறு, லோன்ட்ரீ முதலிய தோட்டங்கள் இக்காலத்தில் நின்றுபோயின. நின்றுபோன தோட்டம் என்பது பூட்டிய தொழிற்சாலையைப் போன்றதன்று. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, குடிநீர், மருத்துவமனை, பிள்ளை மடுவம் (குழந்தைக் காப்பகம்) ஆகிய அனைத்தையும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியிருந்தது. ஆகவே நிர்வாகம் மலையிறங்கிய அன்றே கூலியோடு சேர்த்து விளக்கும் தண்ணீரும் மருந்தும் நின்றன. ஒழுகும் கூரையைச் செப்பனிட ஆளில்லாத லயங்களை விட்டுத் தொழிலாளர்கள் வெளியேறவும் முடியவில்லை: சேமநிதியும் பணிக்கொடையும் நிலுவையில் கிடக்க, லயத்தைக் காலி செய்தால் அந்த உரிமையும் கைநழுவும் என்ற அச்சம் அவர்களைப் பிடித்து நிறுத்தியது. கவாத்து செய்யாமல் விட்ட தேயிலைச் செடி சில ஆண்டுகளில் மரமாகிவிடும். இடுப்பளவு உயரத்தில் மேசைபோல் பரந்திருந்த பறிப்பு மட்டம் கலைந்து, கொழுந்து ஆள் உயரத்துக்கு மேலே போய்விடும். எட்டிய மட்டும் கிள்ளித் தரகர்களுக்கு விற்று அரிசி வாங்கிய குடும்பங்களின் இளையவர்கள் திருப்பூர், கோயம்புத்தூர், சென்னை என்று இறங்கினார்கள். மானுடவியலாளர் ஜெயசீலன் ராஜ் 2022இல் வெளியிட்ட ஆய்வு நூல், இந்தத் தலித் தமிழ்க் குடும்பங்கள் வேலையோடு சேர்த்துத் தோட்டத்துக்குள் தங்களுக்கிருந்த சமூகத் தகுதியையும் இழந்து, வெளியே சாதி இழிவை மீண்டும் சந்திக்க நேர்ந்ததை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது.

அதே மாவட்டத்தின் மூணாறில் கதை வேறு. கண்ணன் தேவன் மலைத் தேயிலைக்கு உள்நாட்டில் பொட்டலப் பெயரும் வாடிக்கையும் இருந்தன. டாட்டா நிறுவனம் 2005இல் தோட்ட நிர்வாகத்திலிருந்து விலகியபோது தொழிலாளர்களைப் பங்குதாரர்களாகக் கொண்ட கம்பெனி உருவாயிற்று. (பங்குதாரரானதால் கூலி உயர்ந்துவிடவில்லை என்பதை 2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் திரண்ட தோட்டப் பெண்கள் சாலையில் அமர்ந்து உலகுக்குச் சொன்னார்கள்.) வண்டன்மேட்டு ஏலக்காய்க்கு உள்நாடே பெரிய சந்தை என்பதால் சோவியத் வீழ்ச்சி அங்கே நேராக உறைக்கவில்லை. பாலக்காட்டு நெல்லியாம்பதியின் காபியும் இடுக்கி மிளகும் நடுவில் நின்றன: சோவியத் ஒன்றியம் இரண்டையும் பெருமளவில் வாங்கியது உண்மை, ஆனால் மேற்கு நாடுகளிலும் அவற்றுக்கு வாங்குபவர் இருந்தனர்.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்த பின், ரஷ்ய வங்கிகள் பல உலகப் பணப்பரிமாற்ற வலையிலிருந்து விலக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூலை 11 அன்று இந்திய ரிசர்வ் வங்கி வெளிநாட்டு வர்த்தகத்தை ரூபாயில் தீர்க்க வழிசெய்தது. பழைய ஏற்பாடு திரும்பி வந்ததாகவே தோட்டத் துறையினர் சிலர் எதிர்பார்த்தார்கள். கணக்கின் உருவமும் பழையதே: 2023–24 நிதியாண்டில் இந்தியா ரஷ்யாவிடமிருந்து, பெரும்பாலும் கச்சா எண்ணெயாக, ஏறக்குறைய 6,100 கோடி டாலருக்கு வாங்கியது, விற்றது 400 கோடி டாலரைச் சற்றே தாண்டியது. 2023 மே மாதம் கோவாவுக்கு வந்த ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ், இந்திய வங்கிகளில் குவிந்த ரூபாயைப் பயன்படுத்த முடியாமல் இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். முன்பு அப்படிக் குவிந்த ரூபாயை மாஸ்கோவின் அரசு அதிகாரி ஒருவர் தேயிலையாக மாற்றிவிடுவார். இன்று அந்த நாற்காலி இல்லை. எண்ணெய் விற்கும் நிறுவனம் வேறு, தேயிலை வாங்கும் நிறுவனம் வேறு; எண்ணெய்க்காரரின் ரூபாய் எவ்வளவு குவிந்தாலும் தேயிலைக்காரர் தன் கலவைக்கு வேண்டிய இலையை வேண்டிய விலைக்குத்தான் எடுப்பார்.

சென்னைக்கும் விளாதிவஸ்தோக்குக்கும் இடையிலான கப்பல் வழி 2019 முதல் பேசப்பட்டு வந்தது. ரஷ்யா, கஜகஸ்தான், பெலாரஸ், ஆர்மீனியா, கிர்கிஸ்தான் அடங்கிய யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தோடு தடையற்ற வர்த்தகப் பேச்சுக்கான வரையறைகள் 2025 ஆகஸ்டில் கையெழுத்தாகியுள்ளன. தீர்வை குறைந்தால் பயன்பெறப்போவது, இன்று பறிப்பு மட்டத்தில் செடி வைத்திருக்கும் தோட்டங்களே. ஜார்ஜிய அரசு கைவிடப்பட்ட தேயிலை நிலங்களை மீட்க 2016இல் தனித் திட்டம் தொடங்கி, மரமாகிப்போன செடிகளை அடியோடு வெட்டித் துளிர்க்கவிடும் செலவில் பெரும்பங்கை ஏற்றுக்கொண்டது. பீர்மேட்டில் அதே வேலைக்கு முதலில் நிலத்தின் உரிமை யாருடையது என்ற வழக்கும், இருபது ஆண்டுக்கும் மேற்பட்ட சேமநிதி நிலுவையும் தீர வேண்டியிருக்கிறது.