பேரலையும் மூன்று வினாக்களும்

(மருதமுனையில் ஆற்றிய உரை)



அன்றாட வாழ்வுக்கு மெய்யியலால் ஆவதென்ன என்று பேசுமாறு எம்மைப் பணித்திருக்கிறீர்கள். அது கற்றோரின் பொழுதுபோக்கு. தறியில் அமர்ந்து உழைப்பவருக்கும் தோணி தள்ளுபவருக்கும் அதனாற் பயனில்லை என்பார் உளர். அவ்வெண்ணம் பிழையென்பதை இக்கரையின் துயரத்தையே சான்றாக வைத்து நாட்ட விரும்புகிறோம்.

2004 டிசம்பர் 26ஆம் நாட் காலையில் கடல் பொங்கிக் கரையை விழுங்கிற்று. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையின் வேறெந்த மாவட்டமும் அத்துணை உயிர்களைப் பறிகொடுக்கவில்லை. கண்ணீர் உலருமுன்னரே “ஏன்?” என்ற கேள்வி எழுந்தது. பாவத்துக்குத் தண்டனை என்றனர் சிலர். நிலம் நடுங்கியது, அலை வந்தது, அவ்வளவே என்றனர் வேறு சிலர். முன்னவர், பிள்ளையை இழந்த தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினர். பின்னவர், அவளுடைய அழுகைக்குச் செவிகொடாமற் சென்றனர்.

நீதிமன்றத்தில் ஒரு வழக்கை விளங்குமுன் எழுவினாக்களை வகுக்கிறோம். ஒரு வினாவுக்குரிய விடையை மற்றொன்றுக்குச் சொன்னால் தீர்ப்பு அநீதியாய் முடியும். மெய்யியல் நமக்குச் செய்யும் முதற் தொண்டும் இதுவே. அந்த “ஏன்” என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வினாக்கள் அடங்கிக் கிடந்தன. அலை ஏன் எழுந்தது? இத்தனை பேர் ஏன் மாண்டனர்? இழப்பைத் தாங்கி இனி எவ்வாறு வாழ்வது?

முதல் வினாவுக்கு விடை, சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடியில் நேர்ந்த நிலநடுக்கம். இவ்விடை மார்க்கத்துக்கு முரணாகுமா? நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருமை மைந்தர் இப்ராஹீம் மறைந்த நாளிற் சூரிய கிரகணம் நேர்ந்தது. அம்மரணமே காரணமென மக்கள் பேசினர். எவருடைய சாவுக்காகவும் வாழ்வுக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லையென நாயகமே திருத்தினார்கள். தத்துவவாதிகளைக் கண்டித்து நூல் எழுதிய இமாம் கஸ்ஸாலியும், கிரகணக் கணிதத்தை மார்க்கத்தின் பேரால் மறுப்பவர் மார்க்கத்துக்கே கேடு சூழ்கிறார் என்று அந்நூலிலேயே எச்சரித்தார்.

இரண்டாம் வினா மனிதரை நோக்கியது. நிலம் நடுங்கியதற்கும் அலை நம் கரையேறியதற்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் இருந்தது. பசிபிக் சமுத்திரத்துக்கு எச்சரிக்கை ஏற்பாடு இருந்தது. இந்து சமுத்திரத்துக்கு இருக்கவில்லை. 1755இல் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தால் அழிந்தபோது, ஆறேழு மாடி வீடுகளை அங்கு நெருக்கிக் கட்டியது இயற்கையா என்று ரூசோ வினவினார். அவ்வினாவை நாமும் விடலாகாது. அலைக்குப் பின்னர், கரையோரத்தில் வீடு கட்டலாகாதென அரசு எல்லை வகுத்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர்! பின்னர் அது தளர்த்தப்பட்டது. ஆயினும் வீடிழந்தவர் அன்று அவ்வேறுபாட்டுக்கு நியாயம் கேட்டது விதியோடு வாதாடுவதாகுமா? ஆட்சியாளர் பதில் கூறவேண்டியதை விதியின் தலையிற் சுமத்தினால், அடுத்த அலைக்கும் நம்மை நாமே பலியிட்டவராவோம்.

மூன்றாம் வினாவுக்கு விஞ்ஞானமும் விடை தராது, சட்டமும் விடை தராது. அங்கே பொறுமையும் பிரார்த்தனையும் அயலவரின் தோளுமே துணை. மைந்தரை இழந்த நாயகம் கண்ணீர் உகுத்தார்கள். ஆதலால் அழுகை ஈமானுக்கு இழுக்கென எவரும் எந்தத் தாயையும் கடியற்க!

அன்பர்களே! பாவில் ஓர் இழை அறுந்தால் மருதமுனை நெசவாளர் என்ன செய்கிறார்? தறியைப் பழிப்பதில்லை, நெய்த துணியைக் கிழித்தெறிவதுமில்லை. தறியை நிறுத்தி, அறுந்த இழை எதுவெனத் தேடி, அதனை முடிந்து மேலே நெய்கிறார். சிந்தனைக்கும் அந்தப் பயிற்சியே வேண்டும். நாளை வேலையின்மையைப் பற்றியோ, காணியைப் பற்றியோ, கடலரிப்பைப் பற்றியோ எவரேனும் “எல்லாம் விதி” என்று கூறினால், “எந்த வினாவுக்கு இவ்விடை?” என்று திருப்பிக் கேளுங்கள். இறைவனிடம் கேட்க வேண்டியதை இறைவனிடம் கேட்போம். அரசிடம் கேட்க வேண்டியதை அரசிடம் கேட்போம். நம்மை நாமே கேட்க வேண்டியதை ஒளிக்காது கேட்போம்!