பாட்டியின் படமும் பிளாஷ் வெளிச்சமும்



இன்று புத்தகத்தை மூடி வையுங்கள். என் கையில் இருப்பதைப் பாருங்கள். இது கேமரா. பெயர் பென்டாக்ஸ் கே 1000. ஜப்பான் கம்பெனி 1976இல் கொண்டுவந்தது. 1997 வரை செய்தார்கள். இது என் பெரியப்பாவுடையது. அவர் கல்யாண வீடுகளில் படம் எடுத்தவர். அவர் காலமான பிறகு பெரியம்மா இதை எனக்குக் கொடுத்தார்.

இன்னொரு கையில் இருப்பது பிளாஷ். இதை நான் பி.வி.கே. ஐயங்கார் சாலை ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பேரம் பேசி வாங்கினேன். உள்ளே பேட்டரி போட்டால் 'கீ...' என்று சத்தம் வரும். கொசு பாடுவது போல இருக்கும். சத்தம் அடங்கியதும் சின்ன விளக்கு எரியும். அப்போது பளிச்!

"இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே, இது எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. செல்போனில் எடுப்பது சுலபம். உண்மையைச் சொன்னால், எனக்கு இதில் ஆசை, அவ்வளவுதான். ஒரு பிலிம் சுருளில் 36 படம். ஒரு சுருள் வாங்கப் பல நூறு ரூபாய் ஆகிறது. கழுவக் காசு தனி. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் யோசிக்க வேண்டியிருக்கிறது. யோசிக்காமல் எடுத்து ஒரு தடவை நன்றாக மாட்டிக்கொண்டேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நம் வகுப்புக்கு வரும் ஓர் அக்கா. பெயர் வேண்டாம். அல்சூரில் வீடு. அவருடைய அப்பா இறந்து பல வருடம் ஆகிறது. அவருக்கு ஒரு படம்கூட இல்லை. ஒவ்வொரு வருடமும் திதி அன்று விளக்கு ஏற்றுவார்கள். விளக்குக்குப் பின்னால் வெறும் சுவர். "மாலை போட ஒரு முகம் இல்லை கண்ணு. அம்மாவுக்காவது ஒரு நல்ல படம் வேணும். காகிதத்தில் வேணும். போனில் இருந்தது போனோடு போயிடுச்சு" என்றார்.

பாட்டி ஊரிலிருந்து வைத்தியத்துக்காக வந்திருந்தார். எண்பது வயதுக்கு மேல். இருமல். நான்கு நாளில் திரும்பிப் போகிறார். நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனேன். மாலை நேரம். ஒரே அறை, ஒரு டியூப் லைட். பாட்டியும் மகளும் பாயில் உட்கார்ந்தார்கள். ஆறு படம் எடுத்தேன். பாட்டி ஒவ்வொரு பளிச்சுக்கும் சிரித்தார்.

பிலிமைக் கழுவிப் பார்த்தேன். ஆறு படத்திலும் அக்கா தெரிந்தார். பாட்டி இருந்த பக்கம் முழுக் கறுப்பு.

ஏன் அப்படி? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பெரியப்பாவிடம் வேலை பார்த்த ஒருவர்தான் விளக்கினார்.

இந்தக் கேமராவுக்குள் பிலிமுக்கு முன்னால் இரண்டு துணித் திரைகள் இருக்கின்றன. பொத்தானை அழுத்தினால் முதல் திரை விலகும். வெளிச்சம் பிலிமில் படும். பிறகு இரண்டாம் திரை பின்னாலேயே வந்து மூடும். மேலே இருக்கும் வட்டத்தில் எண்கள் உண்டு. 60 என்றால் ஒரு நொடியில் 60இல் ஒரு பங்கு நேரம். 250 என்றால் இன்னும் வேகம். 60இல் வைத்தால், முதல் திரை முழுவதும் விலகிய பிறகுதான் இரண்டாவது கிளம்பும். நடுவில் ஒரு கணம் ஜன்னல் முழுவதும் திறந்திருக்கும். அந்தக் கணத்தில் பிளாஷ் அடித்தால் படம் முழுவதும் விழும். 250இல் வைத்தால், முதல் திரை போய் முடிவதற்குள் இரண்டாவது கிளம்பிவிடும். நடுவில் ஒரு சந்துதான் திறந்திருக்கும். பிளாஷ் வெளிச்சமோ ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிதான். சந்து எங்கே இருந்ததோ அங்கே மட்டும் படம். மற்ற இடம் இருட்டு.

நான் 250இல் வைத்திருந்தேன். பாட்டி திரைக்குப் பின்னால் போய்விட்டார்.

இந்த வெளிச்சத்துக்காக மனிதர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. முன்பெல்லாம் மக்னீசியப் பொடியைத் தட்டில் கொட்டிக் கொளுத்துவார்கள். வெளிச்சம் வரும், புகையும் வரும், சில சமயம் கையும் சுடும். 1920களில் வட இந்தியக் காட்டில் எஃப்.டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி இருந்தார். மற்ற வெள்ளைக்காரத் துரைகள் புலியைச் சுட்டுத் தள்ளிய காலம் அது. இவர் படம் பிடிக்க நினைத்தார். புலி நடக்கும் பாதையில் கம்பி கட்டினார். புலி காலை வைத்தால் கம்பி இழுபடும், பொடி எரியும், கேமரா படம் எடுக்கும். புலி வராவிட்டால் மறு நாள் ராத்திரியும் காத்திருக்க வேண்டும். தன் படங்களை 1927இல் புத்தகமாகப் போட்டார்.

பிறகு பிளாஷ் பல்பு வந்தது. ஒரு படத்துக்கு ஒரு பல்பு. அடித்ததும் தூக்கி எறிய வேண்டும். அதற்கும் பிறகு வந்ததுதான் என் கையில் இருக்கும் மின்சாரப் பிளாஷ்.

நம் பெங்களூரிலும் ஒரு பெரியவர் இருந்தார். டி.என்.ஏ. பெருமாள். தமிழர். 1932இல் தஞ்சாவூரில் பிறந்தவர். இங்கே ஓ.சி. எட்வர்ட்ஸ் என்பவரிடம் காட்டுயிர்களைப் படம் எடுக்கக் கற்றுக்கொண்டார். பிலிம் கேமராவையும் பிளாஷையும் வைத்து, இரவில் நடமாடும் பறவைகளையும் விலங்குகளையும் எடுத்துப் பெயர் வாங்கினார். இந்த ஊர் இளைஞர் பலருக்குச் சொல்லிக் கொடுத்தார். 2017 பிப்ரவரியில் காலமானார். சென்னையில் மா. கிருஷ்ணன் இருந்தார். நாவலாசிரியர் மாதவையாவின் மகன். 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். கறுப்பு வெள்ளையில்தான் யானைகளை எடுத்தார். ஒரு கேமராவின் உடம்பு, இன்னொன்றின் லென்ஸ், மீதி தானே சேர்த்துக் கட்டியது என்று ஒரு விசித்திரக் கருவி வைத்திருந்தார். பத்மஸ்ரீ விருது பெற்றவர். இதைக் கேட்டதும் என் பழைய கேமராமீது எனக்கு மரியாதை கூடிவிட்டது.

பிலிமே நம் பக்கத்து ஊரில் செய்த காலமும் உண்டு. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசாங்கத் தொழிற்சாலை. 1960இல் தொடங்கிய கம்பெனி. பிலிமுக்குப் பெயர் 'இந்து'. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிலிமும் அங்கே செய்தார்கள். பிறகு நஷ்டம். இப்போது அது மூடிக் கிடக்கிறது. பெரியப்பா இருந்திருந்தால் அந்தப் பிலிம் டப்பா ஒன்றைக் காட்டியிருப்பார்.

சரி, பாட்டி கதைக்கு வருவோம். அவர் ஊருக்குக் கிளம்ப ஒரு நாள்தான் இருந்தது. புது சுருள் போட்டுக்கொண்டு ஓடினேன். அக்காவிடம் தலை குனிந்து நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இந்தத் தடவை நானும் பார்க்கிறேன்" என்றார்.

பிளாஷின் முதுகில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும். எத்தனை அடி தூரத்துக்கு லென்ஸ் ஓட்டையை எந்த எண்ணில் வைக்க வேண்டும் என்று அதில் இருக்கும். எண் பெரிதானால் ஓட்டை சின்னது. இது தலைகீழ்தான், என்ன செய்வது! தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் பாதியாகும் என்று நினைப்போம். அப்படி இல்லை. காலாகக் குறையும். திருவிழாவில் பூப்பல்லக்கு எங்கோ தூரத்தில் வரும்போது சிலர் பிளாஷ் அடிப்பார்கள். அந்த வெளிச்சம் முன்னால் நிற்பவரின் முதுகோடு நின்றுவிடும்.

பாட்டி எட்டு அடி தூரத்தில் இருந்தார். வேகத்தை 60இல் வைத்தேன். அட்டவணையைப் பார்த்து லென்ஸை 16இல் வைத்தேன்.

அக்கா பிளாஷை வாங்கித் திருப்பினார். விரலை வைத்து மெதுவாக வாசித்தார். "நூறு... எட்டு அடி... எட்டு." பிறகு கீழ் வரி. "நானூறு... எட்டு அடி... பதினாறு." பிலிம் டப்பாவை எடுத்தார். "கண்ணு, இதுல நூறுன்னுதானே போட்டிருக்கு?"

எனக்கு வியர்த்துவிட்டது. போன சுருள் 400. இது 100. இதற்கு அதிக வெளிச்சம் வேண்டும். பழக்கத்தில் நான் பழைய வரியைப் பார்த்திருந்தேன். அப்படியே எடுத்திருந்தால் பாட்டி மறுபடி இருட்டுக்குள் போயிருப்பார். அக்கா வகுப்பில் சேர்ந்து அப்போது ஏழு மாதம்.

லென்ஸை 8க்கு மாற்றி மூன்று படம் எடுத்தேன். பிறகு பிளாஷின் தலையை மேலே நிமிர்த்தினேன். சுண்ணாம்பு அடித்த வெள்ளைக் கூரையில் பட்டு வெளிச்சம் கீழே இறங்கும். வழியில் நிறைய வீணாகும். அதனால் லென்ஸை 4க்குத் திறந்தேன். இன்னும் மூன்று படம்.

நேரே அடித்த படங்களில் முகம் மாவு பூசியது போல இருந்தது. பின்சுவரில் கறுப்பு நிழல். கூரையில் அடித்த படங்களில் பாட்டியின் சுருக்கங்கள், மூக்குத்தி, கழுத்து நரம்பு எல்லாம் பதமாக விழுந்திருந்தன. ஒன்றில் கண்ணை மூடிவிட்டார். இரண்டு தேறியது.

அக்கா மூன்று பிரதி போடச் சொன்னார். ஒன்றை ஊருக்கு அனுப்பினார். பாட்டி அதைப் பார்த்துவிட்டுப் போனில் சொன்னாராம்: "இது நான் இல்லடி, எங்க அம்மா." பாட்டியின் அம்மாவுக்கும் படம் கிடையாது.

பேச்சு முடிந்தது. இரண்டு பேர் இரண்டு பேராக முன்னால் வாருங்கள். பிளாஷைத் திருப்பி அட்டவணையை வாசித்துப் பாருங்கள். பேட்டரியை எடுத்துவிட்டேன். ஆனாலும் யாரும் மூடியைக் கழற்றாதீர்கள். உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும், பலமாக அடிக்கும். பிலிம் டப்பா மேசைமேல் இருக்கிறது. அதில் என்ன எண் போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.