ஆறுதலாகச் சாப்பிட்ட வீடு
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்த உரையை நாங்கள் இருவர் சேர்ந்து எழுதினோம். ஒருத்தி இந்த மேடையில் நிற்கிறாள். மற்றவள் ரொறன்ரோவில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் என்பதால் இதில் எந்த வரி யாருடையது என்று எங்களுக்கே பிரித்துத் தெரியாது. ஆகவே ‘நாங்கள்’ என்றே பேசுகிறோம்.

1979 யூலையில் நாங்கள் திருச்சிக்குப் படிக்கப் போனோம். ஒருத்தி பேசாலை, மற்றவள் பெரியகடை. கொழும்புக்குக்கூட அதற்கு முன் ஒரு தடவைதான் போயிருந்தோம். எங்களுக்கு மூத்தவர்கள் ‘போட் மெயில்’ என்று ஒரே ரிக்கற்றில் சென்னைவரை போன கதை சொல்லுவார்கள். 1914இல் தொடங்கிய அந்தப் பாதை 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியோடு அழிந்துபோயிற்று. எங்கள் காலத்தில் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு ‘இராமானுஜம்’ கப்பல். சோளகக் காற்று. ஏறிய சிறிது நேரத்தில் ஒருத்தி சத்தி எடுக்கத் தொடங்கினாள். யார் என்று சொல்லமாட்டோம்.

கப்பலில் எங்களைப்போல் படிக்கப் போனவர்கள் சிலர்தான். மற்றப்படி வியாபாரிகள், அவர்களைவிடக் கூடுதலாக மலைநாட்டு மக்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள். தகரப் பெட்டி, பாய்ச்சுருள், ஓர் அம்மிக்கல். அம்மிக்கல்லின் மேலே கையை வைத்துக்கொண்டிருந்த ஒரு தாய், சத்தி எடுத்தவளின் முதுகைத் தடவிவிட்டுக் கேட்டார்: “நீங்களும் ஒரேயடியா போறீங்களாம்மா?”

“இல்லை, படிச்சுப்போட்டுத் திரும்பி வந்திடுவோம்.”

“குடுத்து வச்ச புள்ளைங்க” என்றார். பாம்பன் பாலம் கடந்ததும் மண்டபத்தில் அவர்கள் எல்லோரும் முகாமுக்கு இறங்கினார்கள். அவர்களில் அநேகர் அன்றுதான் முதல்முதலாக இந்தியாவைப் பார்த்தவர்கள். எங்களுக்கு ஒரு விலாசம் இருந்தது, அந்தத் தாய்க்கு அதுவும் இல்லை. அந்த வயதில் அது எங்களுக்குச் சரியாக உறைக்கவில்லை.

விலாசம் உறையூரில் ஒரு வீடு. அந்த வீட்டு ஐயா முன்னாளில் மன்னாரில் ஒரு புடவைக்கடையில் கணக்கு எழுதியவர், எங்களில் ஒருத்தியின் அப்பாவுக்குப் பழக்கம். “ஹொஸ்டலில் இடம் கிடைக்கும்வரை எங்கள் வீட்டில் இருக்கட்டும்” என்று எழுதியிருந்தார். இருட்டோடு போய்ச் சேர்ந்தோம். வீட்டுச் சுவரில் எங்கள் இடுப்பளவில் ஒரு கறை ஓடியது. 1977 நவம்பர் வெள்ளம் வந்து நின்ற அடையாளம். அதற்கு மேலேதான் சாமிப் படங்கள் எல்லாம் மாட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடம் போகும் மகன் தன் அறையை எங்களுக்கு விட்டுத் திண்ணையில் படுத்தான்.

வீட்டுக்கார அம்மாவை முறையாக “மாமி” என்று அழைத்தோம். அவருக்குச் சிரிப்பு. “நாங்க ஐயர் வீடு இல்லையே, அத்தைன்னு கூப்பிடுங்க.” எங்களுக்கு அத்தை என்ற சொல் கதைப் புத்தகத்தில்தான் பழக்கம். கிழவியை ‘அப்பாயி’ என்றார்கள். ஒரே தமிழ்தானே என்று துணிந்து போனவர்கள் நாங்கள். முதல்நாள் காலையிலேயே “இந்தப் பெட்டைக்குத் தேத்தண்ணி காணும்” என்று ஒருத்தி சொல்ல, வீடே திகைத்தது. எங்களுக்குப் பெட்டை என்றால் பெண்பிள்ளை. அங்கே அது கோழிக்கும் கழுதைக்கும் சொல்வது. ‘காணும்’ என்றால் ‘போதும்’ என்பதும் அவர்களுக்கு விளங்கவில்லை. காணவில்லையாக்கும் என்று நினைத்து அத்தை இன்னொரு தம்ளர் கொண்டுவந்தார்! கோவாக் கறி பிடிக்கும் என்றோம். அத்தை இனிப்புக்கடைக்கு ஆள் அனுப்பினார். நாங்கள் கேட்டது முட்டைக்கோசு. ‘ஓம்’ என்று சொல்லும்போதெல்லாம் அப்பாயி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சிரித்துச் சொல்லலாம், இப்போது. அப்போது சிரிப்பு வரவில்லை. வாயைத் திறக்கவே பயமாகிவிட்டது. இரண்டாம் நாள் முழுக்கத் தலையை மட்டும் ஆட்டினோம். தொலைபேசி இல்லாத காலம். ‘பத்திரமாகச் சேர்ந்தோம்’ என்று ஒரு தந்தி அடித்ததோடு சரி.

அதைவிடப் பெரிய பயம் கட்டிலுக்குக் கீழே இருந்தது. வீட்டில் கட்டித் தந்த பையில் பனங்கட்டியும் ஒடியலும் மட்டுமல்ல, கட்டாக் கருவாடும் நெத்தலியும் இருந்தன. வந்து பார்த்தால் அது சைவ வீடு. வெளியே எறிய மனமில்லை, சொல்லவும் வாயில்லை. இரண்டு சேலைகளில் சுற்றி ஒளித்தோம். மன்னார்க் கருவாட்டை எத்தனை சேலையில் சுற்றினால் என்ன? தெருப்பூனைகள் யன்னலடியில் கூடிவிட்டன.

மூன்றாம் நாள் இரவு. சாப்பாடு போட்டுவிட்டு அத்தை எங்களுக்காகக் காத்து நிற்பதைப் பார்த்து, நாள் முழுக்கப் பேசாமல் இருந்த ஒருத்தி மரியாதையாகச் சொன்னாள்: “நீங்கள் போய்ப் படுங்கோ. நாங்கள் ஆறுதலாகச் சாப்பிடுறம்.”

எங்கள் ஊரில் ஆறுதல் என்றால் அவசரம் இல்லாமல். அத்தைக்கு அது தெரியாது. பிள்ளைகள் ஏதோ துக்கத்தில் ஆறுதல் தேடுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். கரண்டியை வைத்துவிட்டு எங்கள் நடுவில் தரையில் உட்கார்ந்தார். ஒருத்தியின் தலையைத் தடவி, “அம்மா ஞாபகமா?” என்றார்.

அவ்வளவுதான். இரண்டு பேரும் சோற்றுக் கையோடு அழுதோம். அழுதபடியே கருவாட்டுக் கதையையும் சொல்லிவிட்டோம். அத்தைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அப்பாயிக்கு முதல் நாளே தெரியும். பிள்ளைகளே சொல்லட்டும்னு இருக்காங்க” என்றார்.

அடுத்தநாள் அப்பாயி பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு வீடு தள்ளியிருந்த நெசவுக்காரர் வீட்டுக்குப் போனார். மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டுதான். அங்கே பேசி முடித்துவிட்டு வந்தார்: ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்களுக்கு அந்த வீட்டில் சாப்பாடு. அவர்கள் புளிக்குழம்பு வைத்தார்கள், நாங்கள் அங்கே தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்துக் காட்டினோம். ஹொஸ்டலில் இடம் கிடைத்தபோது, போகத்தான் வேண்டுமா என்று ஐயா கேட்டார். போகவில்லை. மூன்று வருடமும் உறையூரில்தான்.

ஓர் இரவல் வீட்டில் முதல் நாட்களைக் கழிப்பது நாங்கள் விரும்பித் தேர்ந்தது. எங்கள் வகுப்பின் எல்லோருக்கும் அப்படி இல்லை. 1990 ஒக்ரோபரில் எருக்கலம்பிட்டித் தோழிகள் ஊரைவிட்டு விரட்டப்பட்டுக் கற்பிட்டி, புத்தளம் பக்கம் பிறர் வளவுகளில் கொட்டில் போட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். அந்த நாட்களை அவர்களே இந்த மேடையில் வந்து சொல்ல வேண்டும், நாங்கள் சொல்லக்கூடாது.

இன்று லண்டனுக்கும் மெல்பேணுக்கும் சென்னைக்கும் எங்கள் பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள். கையில் போன் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது. மூன்றாம் நாள் இரவு வராது என்று நாங்கள் நம்பவில்லை. மண்டப வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். வெளியூரில் இருப்பவர்கள் உங்கள் நகரத்தையும், ஒரு மாணவிக்கு முதல் மாதம் இடம் தர முடியுமா என்பதையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள். இடம் இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு என்றாவது எழுதுங்கள்.

ஒன்று மட்டும் மிச்சம். 1990இல் சண்டை மீண்டும் தொடங்கியபோது எங்களில் ஒருத்தி கைக்குழந்தையோடு வள்ளத்தில் இராமேஸ்வரம் போய் இறங்கினாள். அனுப்பிய இடம் மண்டபம். அம்மிக்கல்லோடு அந்தத் தாய் இறங்கிப் போன அதே முகாம். உறையூருக்கு ஒரு காட் போட்டாள். அத்தையும் அப்பாயியும் அப்போது உயிரோடு இல்லை என்பது அவளுக்குத் தெரியாது.

ஒரு வாரம் கழித்து முகாம் வாசலில் அனுமதிக்காகக் காத்து நின்றது அந்த மகன், திண்ணையில் படுத்த பையன். இப்போது மீசை. ஒரு கையில் அரிசியும் பருப்பும். மறு கையில் தினசரித் தாளில் சுற்றிய பொட்டலத்தை உடம்பில் படாமல் தூரப் பிடித்திருந்தான்.

“நெத்தலிதானே அக்கா இது? கடைக்காரன் சொன்னதை நம்பி வாங்கினேன். பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரலை.”