வர்த்தமானி குளவிக் கூட்டை அகற்றாது

(ஹட்டனில் தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிமாரும் தோட்ட உத்தியோகத்தர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

  

இன்று நாம் கூலியைப் பற்றிப் பேசப் போவதில்லை என்றால் உங்களிற் சிலர் எழுந்து போகவும் கூடும். சற்றுப் பொறுத்திருங்கள். கூலி போதுமென்று சொல்ல நாம் வரவில்லை. கூலியோடு சேர்ந்து நம் கையைவிட்டுப் போன வேறொன்றைப் பற்றிச் சொல்லவே வந்தோம்.

2019 ஜனவரியில் முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் கைச்சாத்திட்ட கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய். 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் வழியாக அரசாங்கம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் அறிவித்தது. கம்பெனிகள் ஒப்பந்தத்தினின்றும் விலகிக்கொண்டன. 2024 செப்டெம்பரில் 1,350 என்று இன்னொரு வர்த்தமானி வந்தது. அதன் பின்னும் அந்தப் பேச்சு ஓயவில்லை. தொகை ஏறியது உண்மை. அதை நாம் வரவேற்றோம். ஆனால் வேலையின் அளவு, தகராறு தீர்க்கும் முறை ஆகியவற்றை எதிரெதிரே அமர்ந்து பேசும் பழக்கம் அந்த ஒப்பந்தத்தோடு தளர்ந்துபோயிற்று. இன்று ஒரு சாரார் நீதிமன்றத்தை நோக்குகின்றனர். மற்றொரு சாரார் மந்திரியை நோக்குகின்றனர். கொழுந்து மலையில் நிற்பவளை நோக்குவார் யார்?

அவளுக்கு நேர்வது என்னவென்று இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். மரத்திலோ பாறை இடுக்கிலோ தொங்கும் கூடு காற்றிற் கலைகின்றது; குளவி இறங்குகின்றது. நாம் குளவி என்று பொதுவாகச் சொல்வதில் பெருந்தேனீயும் அடக்கம். கொட்டுப்படுகிறவளுக்கு அந்தப் பேதம் தெரியப்போவதில்லை. முதுகிலே கூடை, காலடியிலே வழுக்கும் சரிவு, சுற்றிலும் இடுப்பளவு தேயிலை. ஓடவும் வழியில்லை. மூச்சுத் திணறும் ஒருத்தியை ரோட்டுக்குத் தூக்கி வந்து, கொழுந்து லொறியோ ஆட்டோவோ பிடித்து, டிக்கோயா ஆஸ்பத்திரி வாசலிற் சேர்ப்பதற்குள் காலம் கடந்துவிட்ட கதைகள் எத்தனை! மலைக்குப் பெண்களை இறக்குமுன் கூடு இருக்கின்றதா என்று பார்க்க ஒருவர், கூட்டை இரவில் அகற்றத் தெரிந்த இருவர், முதலுதவி கற்ற பெண்கள் டிவிஷனுக்கு நால்வர், ஓர் அவசர வண்டி. இவற்றை எந்த வர்த்தமானியும் கொண்டுவந்து தராது. தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும் கூடி ஏற்பாடு செய்தாலன்றி இவை நடவா.

மருந்தடிக்கும் தொழிலாளியின் நிலையும் அதுவே. கையுறையும் முகமூடியும் ஸ்டோர் அறையில் புதிதாகவே கிடக்கும். அவற்றைப் போட்டுக்கொண்டு ஏறினால் மூச்சு முட்டுகின்றது என்று அவன் கழற்றிவிடுவான். கொடுத்ததாகக் கணக்கு எழுதியதோடு நிர்வாகத்தின் கடமை முடிந்தது. கொடுக்கவில்லை என்று முழங்கியதோடு சங்கத்தின் கடமை முடிந்தது. இந்த ஏற்றத்துக்கு எந்த முகமூடி பொருந்தும் என்று அவனையே கேட்டவர் இல்லை.

பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. நூறாண்டாகக் கவ்வாத்து, உரம், நோய் முதலியவை பற்றி அது கண்டறிந்தவை கொஞ்சமல்ல. அந்த அறிவு துரையின் மேசைக்கு வருகின்றது. வெளிக்கள உத்தியோகத்தர்வரை இறங்குகின்றது. கத்தி பிடித்தவனிடம் வரும்போது வெறும் கட்டளையாகி நிற்கின்றது. காரணம் அறிந்து வெட்டுகிறவனுக்கும் ஏவியபடி வெட்டுகிறவனுக்கும் உள்ள வேறுபாட்டைச் செடியே காட்டிவிடும். இங்கு வந்திருக்கும் சிறு தோட்டச் சொந்தக்காரர்களுக்கு இது நன்கு தெரியும். இந்நாட்டுத் தேயிலையிற் பெரும்பங்கை இன்று விளைவிப்பவர்கள் அவர்களல்லவா?

"துரையோடு சரிசமமாக உட்கார்ந்து பேசினால் போராட்டம் மழுங்கிவிடாதா?" என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானான். அதே ஆண்டிலேதான் தோட்ட முதலாளிமாரும் சங்கங்களும் ஏழு அம்ச உடன்படிக்கைக்கு வந்தனர். ஆகவே அந்த மேசை எவரும் இரங்கி இட்ட பிச்சையன்று. உயிர் கொடுத்து வாங்கியது. வாங்கியதில் உட்காருவது சரணாகதியாகுமா? முதலாளித்துவ நாடாகிய மேற்கு ஜெர்மனியே 1951இல் நிலக்கரி, உருக்குத் தொழில்களின் மேற்பார்வைச் சபைகளில் தொழிலாளர்க்குச் சமபங்கு கொடுத்துச் சட்டம் செய்தது. அதனால் அங்கு வேலைநிறுத்த உரிமை செத்துவிடவில்லை.

நம் மலைகளிலும் சான்று இருக்கின்றது. அரசாங்கம், கம்பெனிகள், சங்கங்கள் மூன்றும் சேர்ந்து நடத்த 1992இல் தோன்றியதே பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். அதன் வீடமைப்பைப் பற்றி நமக்குக் குறைகள் உண்டு. லயங்கள் இன்னும் நிற்கின்றன. ஆனால் பிள்ளைக் காம்பராவைப் பாருங்கள். தொட்டிலில் பிள்ளையைப் போட்டுவிட்டு ஓர் ஆயாவின் தலையில் எல்லாவற்றையும் கட்டிய இடம் அது. இன்று பல தோட்டங்களில் பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கின்றனர். அவர்களிற் பலர் நம் லயத்துப் பெண்பிள்ளைகள். மூன்று சாராரும் சேர்ந்து ஒரு வேலையைப் பிடித்தால் இவ்வளவாவது நடக்கின்றது.

எனினும் ஓர் அபாயத்தை மறைக்கமாட்டோம். 2015 செப்டெம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் போனஸ் குறைப்பை எதிர்த்துச் சாலையில் இறங்கினார்கள். நம்மைப் போன்ற தமிழ்ப் பெண்களே அவர்கள். கம்பெனியை மட்டும் அவர்கள் எதிர்க்கவில்லை. தங்கள் பெயரிற் பேசிய சங்கத் தலைவர்களையும் கிட்ட வரவேண்டாமென்று விரட்டினார்கள். பெண்கள் ஒருமை என்ற பெயரில் தாமே நின்று 20 விழுக்காட்டை வாங்கிக் காட்டினார்கள். கூடை சுமப்பவள் இல்லாத மேசையில் நிர்வாகமும் சங்கமும் எவ்வளவு இணக்கமாக இருந்தாலும் அதனால் அவளுக்கு என்ன பயன்? நம் சங்கங்களின் மேடையிலும் முன்வரிசையில் எத்தனை பெண்கள் இருக்கின்றார்கள் என்று இப்போதே எண்ணிப் பாருங்கள். (சிரிப்பு.) சிரிக்க வேண்டிய விஷயமன்று, தலைவர்களே!

நிர்வாகத்தாரிடம் நாம் கேட்பது இது: பயிற்சிக்குப் போகும் நாளுக்குப் பேர் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்து படி என்பது பயிற்சியன்று. துணி துவைத்து, விறகு பொறுக்கி, பிள்ளைக்குப் பேன் பார்க்க அவளுக்குள்ள ஒரே நாளையும் பறிப்பதாகும். அரைப்பேர் போட்டாலும் ஏற்கமாட்டோம். சங்கங்களிடம் கேட்பதோ இன்னும் கசப்பானது. மாதந்தோறும் சம்பளத்திலிருந்து பிடித்து அனுப்பப்படும் சந்தாவில் ஒரு பங்கு அந்தத் தோட்டத்துப் பயிற்சிக்கே திரும்பி வரவேண்டும். அதன் கணக்கு பெரட்டுக்களத்தில் ஒட்டப்பட வேண்டும். எந்தச் சங்கத்தின் உறுப்பினர் என்று கேட்டு முதலுதவி கற்பிக்கக் கூடாது. குளவி சந்தாப் புத்தகம் பார்த்துக் கொட்டுவதில்லை.

டாக்டர்களும் ஆசிரியர்களும் இங்கே அமர்ந்திருக்கின்றீர்கள். மாதத்தில் ஒரு நாள் டிஸ்பென்சரிக்கு வந்து நம் மொழியிற் சொல்லிக்கொடுங்கள்; அழைத்துவரும் பொறுப்பை நாம் ஏற்கின்றோம்.

லேபர் டே அன்று ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றபடி குறை சொல்லியே பழகிவிட்டோம். வருகிற மாதத்திலிருந்து அந்த ஆபீசுக்குள்ளே ஆறு நாற்காலி கேளுங்கள்: நிர்வாகத்துக்கு இரண்டு, சங்கங்களுக்கு இரண்டு, கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு இரண்டு. அந்தக் கூட்டத்தின் முதல் விஷயமாக, எந்த மலையில் எத்தனை கூடு தொங்குகின்றது என்ற பட்டியலை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள்.