தாசிலும் மகசூலும்

தோவாளை வட்டத்துக்குத் தலைமையிடம் தோவாளை அல்ல, பூதப்பாண்டி. பட்டா மாறுதலுக்கும் வாரிசுச் சான்றுக்கும் அங்கே போகிறவர்கள் பலகையில் வாசிப்பது 'வட்டாட்சியர்'. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதோ, "தாசில்தாரப் பாக்கப் போறேன்" என்றுதான்.

இந்தத் தாசில்தாரில் இரண்டு மொழிகள் ஒட்டியிருக்கின்றன. 'தாசில்' அரபு, திரட்டுதல், வசூலித்தல். 'தார்' பாரசீகம், ஒன்றைக் கையில் வைத்திருப்பவர். நம் வயலில் அறுத்தெடுக்கும் 'மகசூல்' இருக்கிறதே, அதுவும் தாசில் பிறந்த அதே அரபு வேரில் முளைத்ததுதான். விளைந்து வந்தது மகசூல், அதில் அரசு திரட்டிக்கொண்டது தாசில். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரு போகம் நெல் விளைந்த நம் நாஞ்சில் நாட்டுக்கு இந்த உறவை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தோவாளை அன்று அடங்கியிருந்த திருவிதாங்கூரில் முன்பு இந்தப் பதவிக்குக் 'காரியக்காரர்' என்று பெயர். வரி, காவல், வழக்கு எல்லாம் அவர் கையில். 1811 முதல் 1814 வரை திவானாக இருந்த கர்னல் மன்றோ, காவலையும் வழக்கையும் அவரிடமிருந்து எடுத்துவிட்டார். மிஞ்சியது வரி, பெயரும் தாசில்தார் ஆயிற்று. அவருக்குக் கீழே ஊர்க்கணக்கைப் பார்த்தவர் பார்வத்தியக்காரர். பார்வதி அம்மனுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. வேலை என்று பொருள்படும் 'பிரவிருத்தி' நம் நாக்கில் புரண்டு அப்படி ஆனது.

1956 நவம்பர் 1-ல் தோவாளை தமிழகத்தோடு சேர்ந்தது. ஆட்சித்தமிழ் வளர்ந்தபோது வட்டாட்சியர் வந்தார். நல்ல தமிழ்தான், ஆனால் எனக்கு ஒரு மனக்குறை. பழைய சொல், வசூலிக்க வந்தவர் என்பதை ஒளிக்காமல் சொன்னது. புதிய சொல் ஆள வந்தவர் என்கிறது. கலெக்டர் ஆட்சியரான கதையும் இதேதான். ஆட்சியை அல்ல, நம்பிக்கையைச் சொல்லும் பதவிப்பெயரும் உண்டு: நார்வேயில், வேலையிடத்தில் தொழிலாளர் சார்பில் பேசுபவருக்கு 'தில்லித்ஸ்வால்க்ட்' என்று பெயர். 'தில்லித்' என்றால் நம்பிக்கை, 'வால்க்ட்' என்றால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தொழிற்சங்கம் வளர்த்த ஜீவா பிறந்த பூதப்பாண்டிக்கு இந்தச் சொல் பிடித்துப்போகும்.

'தார்' மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. பங்குதாரர், ஒப்பந்ததாரர் என்று தமிழ்ச்சொற்களோடும் வடசொற்களோடும் ஒட்டிக்கொண்டு நன்றாகவே பிழைக்கிறது. அடுத்தமுறை வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கும்போது, கையெழுத்துப் போடும் இடத்தைப் பாருங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஆட்சியர் ஆகிவிட்டார்; இந்தப் பக்கம் நிற்கும் நாம் இன்னும் மனுதாரர்தான்.