கோல் வீச்சும் பயிற்சித் திடலும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புகைவண்டி நிலையத்தில் சரக்கு ரசீது எழுதும் குமாஸ்தா கோல்ப் ஆட்டத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று சிலர் நகைக்கக் கூடும். நகைப்பதில் நியாயமும் உண்டு. அது செல்வர் ஆட்டம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. நம் சித்தூருக்கு மேற்கேயுள்ள கோலார் தங்கவயலிலே, சுரங்கத்தில் இறங்கியவர் நம்மவர். கோல்ப் திடலில் ஆடியவர் துரைமார். 2001ஆம் ஆண்டில் அச்சுரங்கம் மூடப்பெற்றது. பழைய எண்ணம் மட்டும் மூடப்படவில்லை.

ஆயினும் 1991இல் இந்திய ஓப்பன் போட்டியில் வென்ற அலி ஷேர், டில்லியில் பிறர் கோல்களைச் சுமந்து பிழைத்தவர். 2009இல் அதே போட்டியில் வென்ற முனியப்பாவும் பெங்களூரில் அவ்வாறே சுமந்தவர். செல்வம் இவர்களுக்கு ஆட்டத்தைக் கற்றுத் தரவில்லை; பயிற்சியே கற்றுத் தந்தது. எத்தகைய பயிற்சி என்பதே நாம் சொல்ல வந்தது.

அலுவல் நிமித்தம் பெங்களூரில் இருந்த காலத்தில், ஞாயிறுதோறும் அங்குள்ள பயிற்சித் திடலுக்கு நாம் சென்று வந்தோம். அதனை டிரைவிங் ரேஞ்ச் என்பர். கட்டணம் செலுத்தினால் ஒரு கூடைப் பந்து தருவார்கள். நின்ற இடத்திலிருந்தே அடிக்க வேண்டும். எதிரே தூரத்தைக் காட்டும் பலகைகள் நிற்கும். இளைஞர் பலர் இருப்பதிலேயே நீண்ட கோலை எடுத்து, வண்டியைப் பிடிக்க ஓடுவார் போல நூறு பந்துகளை அரைமணியில் தீர்த்துவிடுவர். அது தோளுக்கு நல்ல தேகப்பயிற்சி. கோல் வீச்சுக்கு அதனால் யாதொரு பயனும் இல்லை.

களத்தில் கதிர்க்கட்டை ஓங்கி அடிக்கும் உழவரைப் பார்த்திருப்பீர்கள். விசை அவர் கையில் பிறப்பதன்று, இடுப்பில் பிறப்பது. கோல்ப் வீச்சும் அத்தகையதே. முதலில் தோள் திரும்பி, கோல் மேலே செல்லும். இறங்கும்போது இடுப்பு முன்னே திரும்ப, உடற்பாரம் இடக்காலுக்கு மாற, கை பின்தொடர்ந்து வரும். (இடக்கையர்க்கு இது மாறும்.) கைப்பிடி, முருங்கைக்காயை நசுக்காமல் பிடிப்பது போல் இருத்தல் வேண்டும். இறுகப் பிடித்தவன் பந்து தூரம் போகாது.

திடலில் ஒரு சூழ்ச்சி உண்டு. பந்தின் கீழே செயற்கைப் புல் விரிப்பு இருக்கும். கோல் பந்துக்குச் சற்றுப் பின்னாலேயே தரையைத் தொட்டாலும், விரிப்பின்மேல் வழுக்கிச் சென்று பந்தை அடித்துவிடும். பந்தும் அழகாகப் பறக்கும். அதே வீச்சு மண்தரையிலே மண்ணைப் பெயர்த்துக்கொண்டு நின்றுவிடும். எதைச் செய்தாலும் புகழும் உறவினர் சிலர் உண்டல்லவா, அவரைப் போன்றது இவ்விரிப்பு! ஆகவே பந்துக்கு அரைச் சாண் பின்னால் ஒரு துண்டை மடித்து வைத்து, அதைத் தொடாமல் அடித்துப் பழகுதல் நன்று.

இன்னொன்று. 1979இல் அமெரிக்காவில் ஷே, மார்கன் என்னும் இருவர் கைப்பழக்கம் பற்றிச் சோதனை ஒன்று நடத்தினர். ஒரே செயலைத் தொடர்ந்து செய்தவர்கள் பயிலும்போது முந்தினர். செயல்களை மாற்றி மாற்றிப் பயின்றவர்களோ, நாட்கள் கழித்துச் சோதித்தபோது முந்தினர். மெய்யான ஆட்டத்தில் ஒரே அடியை எவரும் இருபது முறை தொடர்ந்து அடிப்பதில்லை. ஆதலின் திடலிலும் ஒவ்வொரு பந்துக்கும் கோலை மாற்றுக, பலகையை மாற்றுக, குறி பார்த்த பின்னரே அடித்திடுக. கூடைக்கு முப்பது பந்து போதும்.

பெங்களூரில் இத்தகைய திடலை அடுத்த உணவகத்தில் பெற்றோருடன் காலைச் சிற்றுண்டி அருந்த வந்த ஐந்து வயதுச் சிறுமி, பந்து அடிப்பவர்களைக் கண்டு தானும் அடிக்க விரும்பினாள். அவளே அதிதி அசோக். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், தாயார் கோல்களைச் சுமந்து உடன் நடக்க, நான்காம் இடம் பெற்றார். வெண்கலப் பதக்கம் ஒரே அடியில் தவறியது. அவர் நெடுந்தூரம் அடிப்பவர் அல்லர். அவ்வாண்டு நோயுற்று எழுந்ததால் தூரம் மேலும் குறைந்திருந்தது. குழியருகே பந்தை உருட்டும் நுணுக்கமே அவரை அவ்வளவு உயரத்தில் நிறுத்தியது. நூறு பந்து அடிக்கும் இளைஞர் எவரும் அதைப் பயில நாம் கண்டதில்லை.

நம் குடியிருப்பின் பின்புறத்தே, இரு கம்பங்களுக்கிடையில் பழைய மீன்வலை ஒன்றைக் கட்டுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. வலையில் அடிப்போர்க்குப் பந்து போகும் தூரம் தெரியாது. அதுவும் நன்மைக்கே, கவனம் வீச்சிலேயே நிற்கும். நம்மிடம் பழைய கோல்கள் இரண்டு உள. பிளாஸ்டிக் பந்தே போதும். ஒருவர் அடிக்கும்போது மற்றையோர் பத்தடி பின்னே நிற்றல் வேண்டும். ஞாயிறு காலை ஆறு மணிக்கு வருவோர்க்குக் கற்றுத்தர ஆயத்தமாக உள்ளோம். தாய்மார்கள் பெண்மக்களையும் அனுப்பி வைக்க வேண்டுகின்றோம்.